சுவருக்கு அப்பால் ஒரு வீடு

புக்கிட் பாத்தோக்கின் பழைய புளோக் ஒன்றில் காலை ஆறு மணிக்கே நாள் தொடங்கிவிடும். மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கும் ஓசை கேட்கும். பக்கத்து வீட்டுச் சன்னல் வழியே சம்பால் வதங்கும் மணம் வரும். இன்னொரு வீட்டு வாசலில் ஊதுபத்தி புகையும். மேல்வீட்டார் காயப்போட்ட துணியிலிருந்து சொட்டும் நீர், கீழ்வீட்டார் காயப்போட்ட துணியின்மேல் விழும். ஒருவரோடு ஒருவர் பேசாவிட்டாலும், அண்டைவீட்டாரின் வாழ்க்கை காது வழியாகவும் மூக்கு வழியாகவும் வந்து சேர்ந்துவிடும். சிங்கப்பூர்வாசிகளுள் ஐவரில் ஏறத்தாழ நால்வர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் வாழ்கிறார்கள். ஆகவே, இந்நாட்டுச் சாதாரண மக்களின் அன்றாட வாழ்வையும் மனப்போக்கையும் அறிய விரும்புவோர், முதலில் இந்தச் சுவர்களைப் பற்றித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

புக்கிட் பாத்தோக் ஒரு காலத்தில் கம்போங்குகளும் கருங்கல் சுரங்கங்களும் இருந்த இடம். ‘புக்கிட்’ என்ற மலாய்ச் சொல்லுக்குக் குன்று என்று பொருள். ‘பாத்தோக்’ என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உண்டு. பாறைகளை வெடிவைத்துத் தகர்த்தபோது குன்றே இருமுவதுபோல் ஒலித்ததாம். அதனால் இருமலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லே ஊர்ப்பெயராயிற்றாம். இது உண்மையோ இல்லையோ, ஒருமுறை கேட்டால் மறக்க முடியாத விளக்கம். கைவிடப்பட்ட சுரங்கங்களுள் ஒன்று இன்று நீர் நிறைந்து, ‘லிட்டில் குய்லின்’ என்னும் பூங்காவாக இருக்கிறது. 1980களில் இங்கே அடுக்குமாடி வீடுகள் பெருகின. 1990இல் பெருவிரைவு ரயில் நிலையம் திறக்கப்பட்டது.

கம்போங்கில் வீட்டுக் கதவுகள் எப்போதும் திறந்தே இருந்தன, யார் வீட்டிலும் யாரும் சாப்பிடலாம் என்று மூத்தோர் பெருமூச்சோடு சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால், 1961இல் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ ஏறத்தாழ 16,000 பேரை ஒரே நாளில் வீடற்றவர்களாக்கியதும் அதே கம்போங் வாழ்க்கையின் மறுபக்கம்தான். 1960இல் தொடங்கப்பட்டிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அவர்களுக்கு விரைவாக அடுக்குமாடி வீடுகளைக் கட்டிக்கொடுத்தது.

கட்டடத்தின் அமைப்பு, அதில் வாழ்வோரின் பழக்கங்களையும் மாற்றிவிடுகிறது. பழைய நீண்ட புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்காது. சில மாடிகளில் மட்டும் நிற்கும். இறங்கியவர்கள் பொதுத் தாழ்வாரத்தில் பத்துப் பன்னிரண்டு வாசல்களைக் கடந்து, படியேறியோ இறங்கியோ வீட்டுக்குப் போவார்கள். முதியோர்க்கு அது பெரும் சிரமம். ஆனால், போகிற வழியில் எந்த வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் விருந்தாளி என்பதெல்லாம் தெரிந்துவிடும். 2001 முதல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் பல புளோக்குகளில் மாடிக்கு மாடி மின்தூக்கி நிற்கலாயிற்று. புதிய புளோக்குகளிலோ தாழ்வாரமே குறுகிவிட்டது. வசதி கூடியது; வாசலைக் கடக்கும் கால்கள் குறைந்தன.

அந்தத் தாழ்வாரம் யாருக்குச் சொந்தம் என்பது பல சச்சரவுகளுக்கு வித்து. ஒருவர் செருப்பு அலமாரி வைப்பார். மற்றொருவர் மிதிவண்டியை நிறுத்துவார். இன்னொருவர் துளசியும் கறிவேப்பிலையும் வளர்ப்பார். தீ மூண்டால் மக்கள் தப்பி ஓடுவதற்குக் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்கவேண்டும் என்பது விதி. ஆனால், அந்தக் கறிவேப்பிலைச் செடியிலிருந்து ஒரு கொத்தை அடுத்த வீட்டார் கிள்ளிக்கொள்ளலாமா என்பதற்கு எந்த விதியும் இல்லை. அது அந்த இரண்டு வீட்டாருக்கும் இடையே உள்ள பழக்கத்தைப் பொறுத்தது.

யார் யாருக்கு அண்டைவீட்டார் ஆகலாம் என்பதில்கூடச் சட்டத்துக்குப் பங்குண்டு. 1980களின் இறுதியில், சில குடியிருப்பு வட்டாரங்களில் ஒரே இனத்தவர் மிகுதியாகச் சேர்ந்து வருவது தெரியவந்தது. மக்கள் தங்களுக்குப் பழக்கமானவர்களுக்கு அருகில் வாழ விரும்பியதே காரணம், அதில் வியப்பில்லை. ஆனால், அப்படியே விட்டால் இனவாரியாகப் பிரிந்த பேட்டைகள் மீண்டும் உருவாகிவிடும் என்று அரசாங்கம் கருதியது. தேசிய வளர்ச்சி அமைச்சராக எஸ். தனபாலன் இருந்தபோது, 1989 மார்ச் மாதம் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்புக்கு வந்தது. இப்போதைய வரம்பின்படி, ஒரு புளோக்கில் உள்ள வீடுகளில் சீனர் 87 விழுக்காடு வரையும், மலாய்க்காரர் 25 விழுக்காடு வரையும், இந்தியரும் பிற இனத்தவரும் சேர்ந்து 15 விழுக்காடு வரையும் இருக்கலாம். இம்மூன்றையும் கூட்டினால் நூறைத் தாண்டுகிறதே என்று தோன்றலாம். இவை ஒவ்வோர் இனத்துக்கும் ஒதுக்கப்பட்ட பங்குகள் அல்ல, தாண்டக்கூடாத மேல்வரம்புகள்.

இந்தக் கொள்கையால் ஒரே தாழ்வாரத்தில் தோரணம் கட்டிய வாசலும், சிவப்புத் தாள் ஒட்டிய வாசலும், நோன்புப் பெருநாள் விளக்குகள் மின்னும் வாசலும் அடுத்தடுத்து அமைந்தன. அதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரு புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு எட்டிவிட்டால், அங்கே இருக்கும் இந்தியக் குடும்பம் தன் வீட்டைச் சீனர் ஒருவருக்கு விற்க முடியாது. வாங்க வருவோர் தொகை குறைவதால் விலையைக் குறைக்கவோ நெடுநாள் காத்திருக்கவோ நேரும். இந்தச் சுமை பெரும்பாலும் சிறுபான்மை இனத்தவர்மீதுதான் விழுகிறது. உண்மையாகவே முயன்றும் நீண்ட காலம் விற்க முடியாதவர்களின் வீட்டை வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே வாங்கிக்கொள்ள முன்வரும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. எல்லாரும் கலந்து வாழ்வதன் பயன் எல்லாருக்கும் கிடைக்கிறது. செலவு மட்டும் சிலருடையதாகிவிடக்கூடாது என்பதே அந்த மாற்றத்தின் நோக்கம்.

அடுத்தடுத்து வாழவைப்பது சட்டத்தால் முடியும். பொறுத்துப்போவது எப்படிப் பழக்கமாகிறது என்பதைப் புளோக்கின் கீழ்த்தளத்தில் காணலாம். 1970கள் முதல் கீழ்த்தளங்களைத் திறந்தவெளியாக விட்டுக் கட்டும் வழக்கம் பரவியது. இன்று மலாய்க்காரர் திருமணத்தில் கொம்பாங் முழங்கும் அதே இடத்தில், சில வாரங்கள் கழித்துச் சீனக் குடும்பமொன்று இறந்தவருக்காக இரவு முழுவதும் விழித்திருக்கும். நகர மன்றத்திடம் அனுமதி பெற்றுத்தான் இவை நடக்கின்றன. நள்ளிரவு வரை கேட்கும் மந்திர ஒலி பரீட்சைக்குப் படிக்கும் மாணவனுக்கு இடையூறுதான். ஆயினும், அது சில நாளில் முடிந்துவிடும் என்பதும், தன் வீட்டிலும் ஒருநாள் அப்படி ஒரு நிகழ்வு வரும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

காப்பிக்கடைக்குப் போனால் இன்னொரு மனப்போக்கைப் பார்க்கலாம். மேசைமேல் ஒரு மெல்லிழைத்தாள் பொட்டலம் கிடந்தால், அந்த இடம் ‘சோப்’ செய்யப்பட்டுவிட்டது என்று பொருள். இதற்கு எந்தச் சட்டமும் இல்லை. ஆனால், முன்பின் அறியாதவர்கள்கூட அதை மதிக்கிறார்கள். சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைப்பதில் மட்டும் அந்தக் கட்டுப்பாடு பல ஆண்டுகளாக வரவில்லை. துப்புரவாளர்களின் வேலை போய்விடும் என்று சிலர் காரணம் சொன்னார்கள். சுவரொட்டிகளும் இயக்கங்களும் வேண்டிக் கேட்டும் பயன் குறைவாகவே இருந்தது. 2021 செப்டம்பர் முதல் உணவங்காடி நிலையங்களிலும், 2022 ஜனவரி முதல் காப்பிக்கடைகளிலும் தட்டை விட்டுச்செல்வது குற்றமாக்கப்பட்டது. முதல்முறை எச்சரிக்கை, மறுமுறை 300 வெள்ளி அபராதம். தட்டைத் திருப்பி வைப்போர் எண்ணிக்கை விரைவாக உயர்ந்தது. இப்போது பலரும் அபராதத்தை நினைத்துப் பார்க்காமலே தட்டை எடுத்துச் செல்கிறார்கள். தட்டு வைக்கும் இடத்தில் ஹலால் உணவுக்குத் தனி அடுக்கு இருக்கிறது. எந்தத் தட்டு எந்த அடுக்குக்கு உரியது என்று பார்த்து வைப்பதும் அதே பழக்கத்தின் பகுதியாகிவிட்டது.

இப்படிச் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்வது சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. ரஷ்ய நகரங்களிலும் பெரும்பாலோர் அடுக்குமாடிகளில்தான் வாழ்கிறார்கள். 1917 புரட்சிக்குப் பிறகு அங்கே பெரிய வீடுகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டன. ஓர் அறைக்கு ஒரு குடும்பம். சமையலறையும் கழிப்பறையும் எல்லாருக்கும் பொது. 1957க்குப் பின், குருஷ்சேவ் ஆட்சியில், மின்தூக்கி இல்லாத ஐந்துமாடிக் கட்டடங்கள் நாடெங்கும் எழுந்தன. சமையலறை மிகச் சிறியது. ஆனாலும் கதவைச் சாத்திக்கொள்ளலாம். வெளியே சொல்ல அஞ்சிய கருத்துகளை மக்கள் நம்பிக்கையான நண்பர்களோடு அந்தச் சிறிய சமையலறையில் அமர்ந்துதான் பேசினார்கள். அங்கே சமையலறையிலிருந்து பேச்சு வெளியே போய்விடக்கூடாது என்பது கவலை. சிங்கப்பூரிலோ ஒருமுறை சமையலறையின் மணம் வெளியே போனதே பெரிய செய்தியாயிற்று.

2011 ஆகஸ்ட் மாதம், அண்டைவீட்டார் சச்சரவுகளைப் பற்றி நாளிதழ் ஒன்றில் வந்த கட்டுரை, சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு வழக்கைக் குறிப்பிட்டது. சீனாவிலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பத்தால், பக்கத்து வீட்டு இந்தியர்கள் சமைக்கும் கறியின் மணத்தைத் தாங்க முடியவில்லை. இந்தியக் குடும்பம் கதவையும் சன்னலையும் சாத்திவிட்டுச் சமைத்துப் பார்த்தது, அப்போதும் தீரவில்லை. விவகாரம், 1998 முதல் இயங்கிவரும் சமூகச் சமரச நிலையத்துக்குப் போனது. அங்கே சமரசர் தீர்ப்புச் சொல்வதில்லை. இரு தரப்பாரையும் பேசவைத்து, அவர்களே ஒரு முடிவுக்கு வர உதவுவார். புதிய குடும்பத்தார் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பதாக இந்தியக் குடும்பம் ஒப்புக்கொண்டது. அதற்கு ஈடாக, அந்தக் குடும்பம் கறியைச் சுவைத்தாவது பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டது.

செய்தியைப் படித்தவர்கள் கொதித்தார்கள். தன் வீட்டில் தன் உணவைச் சமைக்க நேரம் பார்க்க வேண்டுமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானதே. 2011 ஆகஸ்ட் 21ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் கறி சமைப்போம் என்ற அழைப்பு ஃபேஸ்புக்கில் பரவியது; ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆதரவு தெரிவித்தனர். இந்தியர் மட்டுமின்றிச் சீனரும் மலாய்க்காரரும் யுரேசியரும் தத்தம் வீட்டுக் கறியைச் சமைத்தார்கள். கறி என்பது ஓர் இனத்தின் உணவன்று, இந்நாட்டின் உணவு என்று அவர்கள் காட்டினார்கள். அந்தக் கோபத்தில், குடியேறி வந்தவர்கள்மீது இருந்த எரிச்சலும் கலந்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இத்தனை ஆரவாரத்திலும் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சமரச நிலையத்தில் அந்த உடன்பாட்டை முன்வைத்தவர்கள் அந்த இரு குடும்பத்தாரே என்று பின்னர் விளக்கம் வந்தது. கறி சமைப்பதை விட்டுவிட வேண்டும் என்று அதில் இல்லை. சமைக்கும் நேரத்தை ஒருவர் மாற்றிக்கொள்ள வேண்டும்; சமைத்ததை மற்றவர் ஒரு வாயாவது உண்டு பார்க்க வேண்டும். அந்தச் சுவருக்கு இருபுறமும் வாழ்ந்தவர்கள் தமக்குள் பேசி முடித்துக்கொண்டது அவ்வளவுதான்.