மருத்துவிச்சிக்கும் ஒரு கதிரை வேண்டும்

அக்கராயனிலோ ஒட்டுசுட்டானிலோ செட்டிகுளத்திலோ பிள்ளை பெற்ற எந்தத் தாயையும் கேட்டுப் பாருங்கள். படலையைத் திறந்து வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர் யார்? கால் வீக்கத்தைக் கவனித்தவர் யார்? கிளினிக்குக்குப் போகாத நாளில் வீடு தேடி வந்தவர் யார்? மருத்துவிச்சி என்றே சொல்லுவார். போர்க்காலத்தில் வைத்தியசாலைக்குப் போக வழியில்லாத இரவுகளில் ஊர் மருத்துவிச்சிமாரின் கைகளில் பிறந்த பிள்ளைகளும் எம்மிடையே வளர்ந்திருக்கிறார்கள்.

1930களின் நடுப்பகுதியில் இலங்கையில் 1 இலட்சம் பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 2010களில் அத்தொகை 40க்கும் கீழே இறங்கியிருந்தது. இதில் வீடு வீடாக நடந்த மருத்துவிச்சிமாரின் பங்கு பெரியது.

ஆனால் அவர்களுடைய தொழிலின் சட்டதிட்டங்களைப் பேசும் இடத்தில் அவர்களுக்கு இடமிருக்கிறதா?

இலங்கையில் பயிற்சி முடித்த மருத்துவிச்சி, இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற வேண்டும். 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் சொல்லும் ஏற்பாடு இது. வைத்தியர்களும் பல் வைத்தியர்களும் தமது வாக்கால் அச்சபைக்கு ஆட்களைத் தெரிவு செய்கிறார்கள். மருத்துவிச்சிமார் தெரிவு செய்யும் ஆசனம் அச்சட்டத்தில் வைக்கப்படவில்லை. தாதியருக்கோ 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் தனிச்சபை கிடைத்தது.

இது எங்கள் நாட்டுக்கு மட்டும் உரிய குறையல்ல. இங்கிலாந்தில் 1902இல் மருத்துவிச்சிகளுக்கென்றே ஒரு மத்திய சபை அமைத்தார்கள். அதில்கூட மருத்துவிச்சி ஒருவர் இருக்க வேண்டுமென்று சட்டம் கேட்கவில்லை. பிற்காலத்தில் தாதியரோடு ஒரே சபையில் சேர்க்கப்பட்டபோது, மருத்துவிச்சிகளுக்கென ஒரு குழு சட்டத்தால் காக்கப்பட்டது. 2017இல் அக்குழுவும் நீக்கப்பட்டது. கிடைத்த இடம் என்றும் நிலைக்கும் என்று இருந்துவிட முடியாது.

நியூசிலாந்துப் பெண்கள் வேறு வழி கண்டார்கள். 1971இன் சட்டம் அங்கே மருத்துவிச்சியை வைத்தியரின் மேற்பார்வைக்குக் கீழே வைத்தது. தாய்மாரும் மருத்துவிச்சிமாரும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். 1990இல் தனித்துப் பணியாற்றும் உரிமை திரும்பியது. 2003இன் சட்டத்தால் அவர்களுக்கெனத் தனிச்சபையும் வந்தது.

ஒரு கதிரையால் எமக்கென்ன பயன் என்று கேட்கலாம். மழைநாளில் வாகனம் வராத ஊரில், இரத்தப்பெருக்கோடு கிடக்கும் தாயின் அருகே மருத்துவிச்சி தனியே நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னர் அவர்மீது விசாரணை வருகிறது. கையில் என்ன மருந்து இருந்தது, தெரு எப்படி இருந்தது என்று கேட்கத் தெரிந்தவர் ஒருவராவது அந்த மேசையில் இருக்க வேண்டாமா? தவறு செய்தவரைத் தப்பவிட அல்ல, தவறு எங்கே நேர்ந்தது என்று சரியாகக் காணவே அக்கதிரை வேண்டும். அது சரியாகக் காணப்பட்டால்தான் அடுத்த தாய் காப்பாற்றப்படுவாள்.

ஆகவே அந்த ஆசனம் சட்டத்தில் எழுதப்பட வேண்டும். மருத்துவிச்சிமாரின் வாக்கால் நிரப்பப்பட வேண்டும். கிராமத்தில் பணியாற்றியவரும் அதில் அமர வழி இருக்க வேண்டும்.

சகோதரிகளே, அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு உங்கள் மருத்துவிச்சியை அழையுங்கள். அவருடைய குறைகளை அவர் வாயாலேயே கேளுங்கள். எங்கள் பிள்ளைகளை முதலில் ஏந்திய கைகளுக்காக நாங்கள் பேசாமல் வேறு யார் பேசுவது?