இரைப்பைக்கு ஒரு மின்கருவி

வெற்றிலைக்குப் பெயர் பெற்ற நம் சோழவந்தானில், விருந்துண்டபின் தாம்பூலம் தரித்தால் உணவு நன்கு செரிக்கும் என்பர் பெரியோர். ஆனால் உணவு செரிக்க இரைப்பை அசைய வேண்டும். அதன் தசைகளில் நிமிடத்துக்குச் சுமார் 3 மின்னலைகள் எழுகின்றன. உணவைக் கடைந்து குடலுக்குத் தள்ளும் அசைவுகளுக்கு இவையே தாளம். அமெரிக்க மருத்துவர் வால்டர் ஆல்வரெஸ் இவ்வலைகளை வயிற்றின் மேற்புறத்திலிருந்தே பதிவு செய்து 1922-இல் வெளியிட்டார்.

நெடுநாள் நீரிழிவினால் நரம்புகள் கெட்டால் இரைப்பை சோர்ந்துவிடும். காலையில் உண்ட இட்லி மாலையிலும் அங்கேயே கிடக்கக்கூடும். ஓயாத குமட்டல், வாந்தி, உடல் மெலிவு ஆகியவை தொடரும்.

உணவு மாற்றத்தாலும் மருந்தாலும் குணம் காணாதவர்களுக்காக, 'என்டெர்ரா' என்னும் கருவியை அமெரிக்க அரசு 2000-ஆம் ஆண்டில் சில வரையறைகளோடு அனுமதித்தது. உள்ளங்கையில் அடங்கும் இக்கருவியை வயிற்றுத் தோலுக்கடியில் வைத்து, 2 கம்பிகளை இரைப்பைத் தசையில் பதிப்பர். மெல்லிய மின்துடிப்புகள் இடைவிடாது செல்லும். அவற்றின் அளவை மருத்துவர் வெளியிலிருந்தே மாற்றலாம். மின்கலம் தீர்ந்தாலோ மீண்டும் அறுவை சிகிச்சைதான்.

இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கரைப் போல இது தாளத்தை நடத்துவதில்லை. இரைப்பை விரைந்து காலியாகும் என்ற உறுதியும் இல்லை. பலருக்குக் குமட்டலும் வாந்தியும் குறைகின்றன, சிலருக்குப் பயனில்லை. நோயை இது அடியோடு தீர்ப்பதில்லை.

ஆகவே தோழியரே, நீரிழிவுள்ள நம் பாட்டி இரண்டு கவளத்திலேயே போதுமென்று அடிக்கடி கையைக் கழுவினால், அதைப் பிடிவாதம் என்று எண்ண வேண்டாம். காலத்தோடு மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.