ஒன்றரை டிகிரி மேற்கு

புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து பெங்களூருக்கு வரைபடத்தில் நேர்கோடு இழுத்தால், அது திருக்கனூர்ப் பக்கமாக, கரும்புக் கொல்லைகளைத் தாண்டி வடமேற்கே போகும். கோட்டின் நடுவில் ஒரு தீர்க்கரேகையை ஒட்டிப் பாகைமானியை வைத்தால் ஏறக்குறைய 301 டிகிரி கிடைக்கும். இது புவியியல் வடக்கிலிருந்து எண்ணியது. விமானத்தின் காம்பஸுக்குத் தெரிந்ததோ காந்த வடக்கு மட்டுமே. இரண்டு வடக்குகளுக்கும் இடையிலுள்ள கோணத்தைப் பாடநூல் காந்த ஒதுக்கம் என்கிறது. விமானிகளுக்கு அது வேரியேஷன். புதுச்சேரி வட்டாரத்தில் இப்போது அது சுமார் ஒன்றரை டிகிரி மேற்கு.

மேற்கு என்றால் கூட்டு, கிழக்கு என்றால் கழி. வெறும் மனப்பாடமாக வைத்திருந்தால் அவசரத்தில் மாறிப்போகும். காரணம் புரிந்துவிட்டால் மாறாது. தையல்காரரின் பழைய நாடாவில் முனை கிழிந்து முதல் அங்குலம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். 30 அங்குலத் துணியை அது 31 என்று காட்டும். துணி நீளவில்லை, எண்ணத் தொடங்கும் இடம்தான் மாறியது. திசையும் அப்படித்தான். வடக்கில் தொடங்கி வலச்சுற்றாக எண்ணுவது வழக்கம். காந்த வடக்கு ஒன்றரை டிகிரி இடப்புறம், அதாவது மேற்கே, ஒதுங்கி நிற்பதால், பெங்களூரை எட்டுமுன் அந்த ஒன்றரையையும் சேர்த்து எண்ண வேண்டியிருக்கிறது. 301 என்பது 302½ ஆகிறது. டெல்லியில் நாடா கிழியவில்லை, முனையில் சிறு ஒட்டு விழுந்திருக்கிறது: ஒதுக்கம் சற்றே கிழக்கு, ஆகவே கழித்தல். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒட்டின் நீளம் ஏறத்தாழ 20 டிகிரி. ஊருக்கு ஊர் நாடா வேறு. ஒரே ஊரிலும் ஆண்டுக்கு ஆண்டு அது மாறுகிறது. காலடியில் 2,900 கிலோமீட்டருக்குக் கீழே உருகிய இரும்பு புரண்டுகொண்டே இருப்பதால், ஒரு முறை தைத்துச் சரிசெய்துவிட முடியாத நாடா இது.

மறந்தால் என்ன நட்டம்? ஒரு டிகிரிப் பிழை, 60 கடல் மைலுக்கு ஒரு கடல் மைல் விலக்கும். பெங்களூர் சுமார் 143 கடல் மைல். ஒன்றரை டிகிரியை விட்டுவிட்டால் மூன்றரை கடல் மைல், அதாவது ஆறு கிலோமீட்டருக்கு மேல் விலகல். ஏரியையும் ரயில் பாதையையும் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஆக்லாந்தில் அதே தூரத்துக்கு அதே மறதி ஏறத்தாழ 50 கடல் மைல் தள்ளிவிடும்.

கணக்கில் வரிசை முக்கியம். மேல்காற்று முன்னறிவிப்பு புவியியல் வடக்கை வைத்துத் தரப்படுகிறது. ஆகவே காற்றுக்கணக்கு முதலில். தென்மேற்குப் பருவத்தில் 240 டிகிரியிலிருந்து 20 நாட் வேகக் காற்று, விமானத்தின் வேகம் 100 நாட் என்றால் மூக்கை இடப்பக்கம் 10 டிகிரி திருப்ப வேண்டும்: 291. அதன் பிறகே ஒன்றரையைக் கூட்டி 292½. ஒதுக்கத்தின் அளவை வரைபடத்தில் ஓடும் சம ஒதுக்கக் கோடுகளிலிருந்து, பாதையின் நடுப்பகுதிக்கு எடுப்பது வழக்கம். கோடுகள் எந்த ஆண்டுக்கானவை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இக்கோடுகளை அட்லாண்டிக் கடலுக்கு வரைந்து 1701-இல் வெளியிட்டவர் எட்மண்ட் ஹாலி. இன்று உலகக் காந்த மாதிரி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. கடைசியாக 2024 டிசம்பரில் வந்தது. வடகாந்தத் துருவம் ஓடுகிறது, விமானங்கள் திசை தவறும் என்று அவ்வப்போது கிளம்பும் பரபரப்பில் முதல் பாதி மட்டுமே உண்மை. துருவம் நகர்வதால் பெரிதும் பாதிக்கப்படுவது ஆர்க்டிக் பகுதி; தமிழகக் கரையோரத்தில் ஆண்டு மாற்றம் ஒரு டிகிரியின் சிறு பின்னம்தான். ஓடுபாதைகளின் எண்களும் பத்து டிகிரிக்கு முழுமையாக்கிய காந்தத் திசைகளே என்பதால், அமெரிக்காவின் டாம்பாவில் 2011-இல் எண்ணை மாற்றி எழுதினார்கள், அவ்வளவுதான். ஜிபிஎஸ் வந்துவிட்டதால் ஒதுக்கம் ஒழிந்தது என்பதும் சரியல்ல. கருவி அந்தக் கூட்டல் கழித்தலைத் தன் நினைவகத்திலுள்ள மாதிரியைக் கொண்டு செய்துவிடுகிறது. கணக்கு மறைந்திருக்கிறது, போய்விடவில்லை.

கடைசித் திருத்தம் பூமியுடையது அல்ல, விமானத்துடையது. எஞ்சினும் ரேடியோவும் காம்பஸை இழுக்கும்; அதற்கு டீவியேஷன் என்று பெயர். காம்பஸுக்கு அருகில் ஒரு கைப்பேசியை வைத்தாலே முள் பல டிகிரி திரும்பிவிடக்கூடும். புதுச்சேரி வானில் பூமியின் ஒன்றரையைவிட இதுவே பெரிய ஆபத்து. கைப்பேசியை அப்புறப்படுத்திவிட்டு, காம்பஸின் கீழே ஒட்டியிருக்கும் சிறு அட்டையில் அந்தத் திசைக்கு எழுதியிருக்கும் திருத்தத்தையும் சேர்த்தால் வருவதே, பறக்கும்போது பிடிக்க வேண்டிய எண்.