ஆம்பூர்ப் போர், 1749

சவ்வாது மலைத்தொடருக்கு வடமேற்கே பாலாற்றுப் பள்ளத்தாக்கில், ஆம்பூர்க் கோட்டை மலையின் அடிவாரத்தே, 1749 ஆகஸ்டு 3 அன்று, ஆற்காட்டு நவாபு பதவிக்கென மூண்ட வாரிசுப் போரின் முதற் பெருஞ்சமர் நிகழ்ந்தது. மலையடி தொடங்கி ஏரிக்கரை வரை அகழி வெட்டி, அதில் ஏரி நீரைப் பாய்ச்சி, பீரங்கிகளை நிரைத்துக் காத்திருந்த நவாபு அன்வருத்தீன் கானின் அரணை, அப்பதவியைக் கோரிய சந்தா சாகிபுக்கும் அவருடைய கூட்டாளி முசபர் ஜங்குக்கும் துணைவந்த பிரெஞ்சுப் படை, இருமுறை மோதிப் பின்வாங்கிய பின்னர், மூன்றாம் முறையே புஸ்ஸியின் தலைமையில் கடந்தது. தள்ளாத வயதிலும் சந்தா சாகிபை நோக்கித் தம் யானையைச் செலுத்திய நவாபு குண்டுபட்டு மாண்டார். மூத்த குமாரர் மாபூசு கான் சிறைப்பட, இளையவர் முகம்மதலி திருச்சிராப்பள்ளியில் தஞ்சம் புகுந்தார்.

பயிற்சி பெற்ற சிறுபடையொன்று பெருஞ்சேனையை வெல்லுமென்பது 1746 அடையாற்றுப் போரிலேயே தெரிந்ததுதான். அரசுரிமையையும் அதுவே வழங்கவல்லதென்று காட்டியது ஆம்பூர். நன்றிக்கடனாகப் புதுச்சேரியைச் சூழ்ந்த கிராமங்கள் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்தன. ஆங்கிலக் கம்பெனியாரோ முகம்மதலியின் பட்சம் சேர்ந்தனர். 1751-இல் அக்கம்பெனியின் கிளைவு ஆற்காட்டைக் கைப்பற்றி, சவ்வாது மலைக்குக் கிழக்கேயுள்ள ஆரணியில் சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபை முறியடித்தார். மறுவருஷம் சந்தா சாகிபு சிரச்சேதம் செய்யப்பட்டார். வென்ற முகம்மதலி காலப்போக்கில் கம்பெனி உத்தியோகஸ்தரிடமே பெருங்கடனாளியானார். 1801-இல் கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதியின் நிர்வாகம் முழுவதும் கம்பெனியின் வசமாயிற்று.