சுவர்களின் கதை – 9: ஆணி இறங்காத வீடு

புது வீட்டுக்குக் குடிபோன மறுநாளே சுவரில் ஆணி அடிக்கக் கை துறுதுறுக்கும். காலண்டர், கடிகாரம், தாத்தா படம். லஸ்ட்ரான் வீட்டில் அந்த ஜம்பம் பலிக்காது. உள்சுவர், வெளிச்சுவர், கூரை எல்லாமே எனாமல் பூசிய எஃகு. பாட்டி வீட்டில் நீல விளிம்பு வைத்த வெள்ளை எனாமல் தட்டு இருக்குமே, அதே சங்கதிதான். ஆணி வைத்து அடித்தால் பூச்சு சில்லுசில்லாகப் பெயரும். அதனால் அந்த வீட்டுக்காரர்கள் காந்தம் வைத்துப் படம் மாட்டினார்கள்.

போன வாரம் பார்த்த ராணுவக் கொட்டகைகள் அவசரத்துக்கு எழுந்தவை. இது தலைமுறைகளுக்கு என்று செய்த வீடு.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் குடியிருக்க இடமில்லை. அந்தச் சமயத்தில் கார்ல் ஸ்ட்ராண்ட்லண்ட் என்ற பொறியாளர் வாஷிங்டன் போய் நின்றார். ஸ்வீடனில் பிறந்தவர், சிகாகோவில் எனாமல் கம்பெனியில் வேலை. அவர் கேட்டது பெட்ரோல் பங்க் கட்ட எஃகு. எஃகு அப்போது கட்டுப்பாட்டில் இருந்தது. பங்குக்குத் தர முடியாது, வீட்டுக்கென்றால் பார்க்கலாம் என்றார்கள். சரி, வீடே செய்கிறேன் என்றார் மனிதர். அப்படிப் பிறந்ததுதான் லஸ்ட்ரான் கம்பெனி.

ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸில், போர் விமானங்கள் செய்த பிரம்மாண்டமான தொழிற்சாலை கைக்கு வந்தது. கார் செய்வதுபோல வீடு செய்வது என்று திட்டம். இரண்டடிக்கு இரண்டடி சதுரத் தகடுகள், மங்கிய நீலம், சாம்பல், மஞ்சள், பழுப்பு நிறங்களில். வீட்டுக்குச் சுமார் 3,000 பாகங்கள். எல்லாம் ஒரே டிரெய்லரில். ஏற்றுவதிலும் கணக்கு உண்டு: கடைசியில் தேவைப்படுவது முதலில் உள்ளே போகும். காங்கிரீட் தளத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டால் அதுவே கிடங்கு.

உள்ளே சுமார் 1,000 சதுர அடி. அலமாரிகள் சுவரோடு சேர்ந்தே வந்தன. துணி துவைக்கும் மெஷினிலேயே தொட்டியை மாற்றிப் பாத்திரமும் கழுவலாம்; அந்த யோசனை யாருக்கு உதித்ததோ! சூடு கூரையிலிருந்து இறங்கும். பனிக்காலத்தில் உச்சி வெதுவெதுக்க, பாதம் ஜில்லென்றிருக்கும் என்று புகார்.

வீட்டில் பெரிய குறையில்லை. விற்பனையில்தான் இருந்தது வினை. டிரெய்லர் தொழிற்சாலை வாசலைத் தாண்டுவதற்குள் டீலர் முழுப் பணத்தையும் கட்டியாக வேண்டும். வங்கியோ, வீடு எழுந்து நின்ற பிறகுதான் வாங்குபவருக்குக் கடன் தரும். இடையில் கிடக்கும் ஆயிரக்கணக்கான டாலருக்கு டீலர் எங்கே போவார்? காரென்றால் சாவியைக் கொடுத்து அனுப்பிவிடலாம். வீட்டுக்கு மனை வேண்டும், தளம் வேண்டும், ஊருக்கு ஊர் மாறும் கட்டட விதிகளுக்கு அனுமதி வேண்டும். 7,000 டாலருக்குத் தருவதாகப் பேசிய வீடு 10,000-ஐத் தொட்டது. நாளுக்கு 100 வீடு என்ற இலக்கைக் கிட்டத்தில்கூடப் பார்க்கவில்லை.

அரசு நிதி நிறுவனம் கொடுத்த கடன் மொத்தம் 3 கோடியே 75 லட்சம் டாலர். வீட்டுவசதி பற்றி ஒரு கட்டுரைக்காக செனட்டர் ஜோசப் மெக்கார்த்திக்கு லஸ்ட்ரான் 10,000 டாலர் கொடுத்ததும் வெளியே வந்தது. கட்டுரை எழுதிப் பிழைக்கும் என் போன்றவர்கள் அந்தத் தொகையைப் பார்த்துப் பெருமூச்சுதான் விட முடியும். 1950-இல் கடனுக்காகக் கம்பெனி முடக்கப்பட்டது. அதுவரை வெளியே போனவை ஏறத்தாழ 2,500 வீடுகள்.

அவற்றில் பல இன்றும் குடியிருப்பாகவே இருக்கின்றன. பெயின்ட் அடிக்கும் செலவில்லை. குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். தகடு நசுங்கினால்தான் திண்டாட்டம், மாற்றுச் சாமானுக்குத் தொழிற்சாலை இல்லை. எங்காவது ஒரு லஸ்ட்ரான் இடிபடுகிறதென்றால், அதே நிறத் தகடு தேடி இன்னொரு லஸ்ட்ரான்காரர் ஸ்பேனரோடு போய் நிற்பார். வீட்டுக்குள் ஒரு மூலையில் சின்ன உலோகப் பட்டை இருக்கும். அதில் மாடல் எண், வரிசை எண். வண்டிக்குச் சேஸிஸ் நம்பர் மாதிரி.

அடுத்த வாரம்: விமானத் தொழிற்சாலைகளில் பிறந்த பிரிட்டனின் அலுமினிய வீடுகள்.