குடும்பமா, தனிமனிதரா? முதியோர், மாற்றுத் திறனாளிகளின் மருத்துவப் பாதுகாப்பில் தகுதி நிர்ணயம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழகத்தின் பொள்ளாச்சிப் பகுதியை ஒட்டி அமைந்துள்ளது சித்தூர் வட்டம். இதன் கிழக்குப் பஞ்சாயத்துகளான கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி ஆகியவற்றில் தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். மழை குறைந்த இப்பகுதியில் பலருக்கு விவசாயக் கூலி வேலையே வாழ்வாதாரமாகும். இத்தகைய குடும்பம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதில் 72 வயது மூதாட்டி ஒருவர், கூலி வேலைக்குச் செல்லும் அவருடைய மகன், மருமகள், மூளை முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்ட பேரன் ஒருவன், மேலும் இரு குழந்தைகள். பாட்டிக்கோ பேரனுக்கோ மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை ஏற்பட்டால், அரசின் பாதுகாப்பைப் பெற எந்த அடிப்படையில் அவர்கள் தகுதி பெறுகின்றனர்?

இவ்வினாவுக்கு விடை காணுமுன், 'செலவுப் பகிர்வு' என்னும் சொற்றொடர் நம் நாட்டில் இரு பொருளில் வழங்குவதைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நலம். ஒன்று, மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையிலான பகிர்வு. மற்றொன்று, அரசுக்கும் பயனாளிக்கும் இடையிலான பகிர்வு. முன்னது பயனாளியின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும், அவர் பட்டியலுக்குள் இருக்கிறாரா, வெளியே நிற்கிறாரா என்பதைப் பெரும்பாலும் அதுவே முடிவு செய்கிறது.

2008 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசிய சுகாதாரக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பம் செலுத்த வேண்டியிருந்த பதிவுக் கட்டணம் 30 ரூபாய் மட்டுமே. காப்பீட்டுத் தொகை ஆண்டுக்கு 30,000 ரூபாய். கட்டணம் எவருக்கும் பெருஞ்சுமையாக இருக்கவில்லை. சுமை வேறிடத்தில் இருந்தது. ஓர் அட்டையில் ஐந்து பேருக்கு மேல் இடமில்லை. மேற்கூறிய குடும்பத்தில் ஆறு பேர். கணவன், மனைவி, மூன்று குழந்தைகள் என்று எண்ணி முடிக்கும்போது பாட்டிக்கு இடமில்லாமற் போகும். அதிக நோய்வாய்ப்படக் கூடியவரே முதலில் விடுபடும் விந்தையான விதி அது. 2016 ஆம் ஆண்டில், இத்திட்டத்தில் இடம்பெற்ற முதியோருக்கு மேலும் 30,000 ரூபாய் வழங்கும் ஏற்பாடு வந்தபோதும், அட்டையில் பெயர் உள்ள முதியோருக்கே அது பயன்பட்டது.

2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மக்கள் ஆரோக்கியத் திட்டம் இக்குறையை நீக்கியது. குடும்பத்தின் அளவுக்கும் உறுப்பினர் வயதுக்கும் வரம்பு இல்லை. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை கிடைக்கும். ஏற்கெனவே உள்ள நோய்களும் முதல் நாளிலிருந்தே அடங்கும். பயனாளி கட்டணம் ஏதும் செலுத்த வேண்டியதில்லை. செலவை மத்திய அரசும் பெரும்பாலான மாநிலங்களும் 60:40 என்னும் விகிதத்தில் பகிர்கின்றன.

ஆனால் தகுதியின் அலகு குடும்பமாகவே நீடித்தது. 2011 ஆம் ஆண்டின் சமூக, பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில் பதிவான வறுமைக் குறியீடுகளே ஊரகப் பகுதிகளில் அடிப்படையாயின. அவற்றுள் இரண்டு இங்குக் கருதத்தக்கவை. 16 முதல் 59 வயது வரையிலான உறுப்பினர் எவருமில்லாத குடும்பம் ஒன்று. மாற்றுத் திறனாளி இருந்து, உடல் வலிமையுள்ள வயதுவந்தோர் எவருமில்லாத குடும்பம் மற்றொன்று. பின்னதன் பிற்பாதியை ஊன்றிப் படிக்க வேண்டும். மாற்றுத் திறனாளி ஒருவர் வீட்டில் இருப்பது மட்டும் தகுதியாகாது. உழைக்கக்கூடிய எவரும் அவ்வீட்டில் இருக்கலாகாது. ஊரக இந்தியா முழுவதிலும் இக்குறியீட்டில் அடங்கிய குடும்பங்கள் சுமார் 7 லட்சம் மட்டுமே. அதே 2011 இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நகரம், ஊரகம் இரண்டிலுமாக நாட்டிலிருந்த மாற்றுத் திறனாளிகளோ 2 கோடியே 68 லட்சம் பேர். ஒன்று குடும்பக் கணக்கு, மற்றது தனிநபர்க் கணக்கு என்பதை ஏற்றுக்கொண்டாலும், இடைவெளியின் அளவு வியப்பூட்டுவதே.

சித்தூர்க் குடும்பத்தில் மகன் உழைக்கக்கூடியவர். ஆகவே பேரனின் உடற்குறையும் பாட்டியின் முதுமையும் அக்குடும்பத்திற்குத் தகுதியைத் தேடித் தரவில்லை. நிலமற்ற கூலிக் குடும்பம் என்னும் வேறொரு குறியீட்டின் வழியே அது உள்ளே வரலாம். சிறு துண்டு மானாவாரி நிலம் இருந்தாலோ அவ்வழியும் அடைபடும். மகன் தாயைக் கைவிட்டுத் தனிக்குடித்தனம் போயிருந்தால் தாய் எளிதில் தகுதி பெற்றிருப்பார் என்பது, குடும்பப் பிணைப்பைப் போற்றும் நம் சமுதாயத்தில் சிந்திக்கத்தக்கது.

கேரள அரசு இந்த இடைவெளியை ஓரளவு தன் செலவில் நிரப்பியது. 2019 இல் நடைமுறைக்கு வந்த காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா திட்டத்தில், மத்தியப் பட்டியலில் உள்ள குடும்பங்களோடு, பழைய காப்பீட்டு அட்டை வைத்திருந்த பிற குடும்பங்களும் சேர்க்கப்பட்டன. மொத்தம் சுமார் 42 லட்சம் குடும்பங்கள். இவற்றுள் மத்தியப் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டுமே மத்திய அரசின் பங்கு கணக்கிடப்படுகிறது. ஏனையவற்றின் செலவு முழுவதும் மாநிலத்தைச் சார்ந்தது. ரேஷன் அட்டையின் நிறம் மட்டுமே தகுதியாகிவிடும் என்று எண்ணுவோர் பலர். அன்று செல்லத்தக்க காப்பீட்டு அட்டை இருந்ததா, மத்தியப் பட்டியலில் பெயர் இருந்ததா என்பதே கேள்வி. பின்னாளில் வறுமையில் வீழ்ந்த குடும்பத்திற்கு இப்பட்டியல் எளிதில் இடம் தருவதில்லை. அத்தகையோருள் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குக் குறைந்தவர்களுக்குக் காருண்ய பெனவலன்ட் நிதியிலிருந்து ஒரு முறை 2 லட்சம் ரூபாய் வரையிலும், சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கு 3 லட்சம் ரூபாய் வரையிலும் உதவி கிடைக்க வழியுண்டு.

எல்லையோரத்தில் மத்திய, மாநிலப் பகிர்வு நடைமுறைச் சிக்கலாகவே உருவெடுக்கிறது. கொழிஞ்சாம்பாறை மக்களுக்குக் கோவையின் பெரிய மருத்துவமனைகள் தொலைவில் இல்லை. மத்தியப் பட்டியலில் உள்ள குடும்பம் மாநில எல்லை கடந்தும், இணைக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை பெற விதி இடமளிக்கிறது. மாநிலச் செலவில் சேர்க்கப்பட்ட அண்டை வீட்டாருக்கு அந்த உரிமை இல்லை. இரு வீட்டாரின் கையிலும் ஒரே திட்டத்தின் அட்டைதான் இருக்கும். எனவே, அவசரம் நேரும் முன்பே தம் குடும்பம் எப்பட்டியலில் உள்ளது என்பதை அறிந்து வைத்துக்கொள்ளுதல் அவசியம். தேசிய அளவில் 14555, கேரளத்தில் 1056 ஆகிய தொலைபேசி எண்களில் இதனைக் கேட்டறியலாம்.

குடும்பம் என்னும் அலகிலிருந்து தனிமனிதரை நோக்கிய முக்கியமான மாற்றம் 2024 இல் நிகழ்ந்தது. 70 வயது நிறைந்த அனைவருக்கும், வருமானம் எதுவாயினும், பாதுகாப்பு அளிக்க மத்திய அமைச்சரவை அவ்வாண்டு செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. அக்டோபர் 29 அன்று ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை வழங்கல் தொடங்கியது. குடும்பம் ஏற்கெனவே திட்டத்தில் இருந்தால், முதியோருக்கென மட்டும் மேலும் 5 லட்சம் ரூபாய் ஒதுக்கப்படும். கணவன், மனைவி இருவரும் 70 ஐக் கடந்திருந்தால் அத்தொகை இருவருக்கும் பொது. மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டம், முன்னாள் படைவீரர் திட்டம் ஆகியவற்றில் இருப்போர் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் இருப்போருக்கு இக்கட்டுப்பாடு இல்லை.

இங்கு வயதுக்குச் சான்று ஆதார் அட்டை. பிறப்புப் பதிவு இல்லாத முதிய கூலித் தொழிலாளர் பலருக்கு அதில் உள்ளது குத்துமதிப்பான ஆண்டே. இரண்டு மூன்று ஆண்டுகள் குறைத்துப் பதிவாகியிருந்தால், அத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பிறந்த தேதியைத் திருத்தும் வாய்ப்பும் பொதுவாக ஒரு முறைக்கு மேல் இல்லை. அதற்கும் ஆவணம் வேண்டும். இத்திட்டத்திலும் மாநிலத்தின் பங்கு 40 விழுக்காடு ஆதலால், அட்டை கையில் இருப்பதும் மருத்துவமனை அதனை ஏற்பதும் ஒன்றல்ல. சேர்க்கைக்கு முன் மருத்துவமனையின் திட்டப் பிரிவில் உறுதி செய்துகொள்வதே நன்று.

மாற்றுத் திறனாளிகளுக்கு இத்தகைய பொதுவான தனிமனித உரிமை இன்னும் அமையவில்லை. 2015 இல் தொடங்கிய ஸ்வாவலம்பன் காப்பீட்டுத் திட்டம் அத்திசையில் ஒரு முயற்சி. 2 லட்சம் ரூபாய்க் காப்பீட்டுக்கான தவணையில் பத்தில் ஒன்பது பங்கை அரசும், ஒரு பங்காகிய 357 ரூபாயைப் பயனாளியும் ஏற்றனர். 18 முதல் 65 வயது வரை உள்ளவர்களே சேர முடிந்தது. அத்திட்டம் நீடிக்கவில்லை.

நீடித்து நிற்பது, தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டம். மதி இறுக்கம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டுமே இது உரியது. விபத்தில் காலிழந்தவருக்கு இதில் இடமில்லை. வயது வரம்போ, முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனையோ இல்லை. சேர்க்கைக் கட்டணம் வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளோருக்கு 250 ரூபாய், ஏனையோருக்கு 500 ரூபாய். புதுப்பித்தலுக்கு முறையே 50 ரூபாய், 250 ரூபாய். உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய். இதன் தனிச்சிறப்பு, புறநோயாளிச் சிகிச்சையும் இயன்முறை மருத்துவம் போன்ற தொடர் பயிற்சிகளும் உட்பிரிவு வரம்புகளுடன் அடங்குவதாகும். சித்தூர்ப் பேரனுக்கு இதுவே பொருத்தமானது. ஆயினும், முதலில் கைப்பணம் செலவழித்து, ரசீது காட்டிப் பின்னர் பெறும் முறை என்பதால், கூலிக் குடும்பத்திற்கு 250 ரூபாய்க் கட்டணத்தைவிட, பணம் திரும்பி வரும் வரை கடன் வாங்குவதே கனமான பங்காகிறது.

பயனாளியின் உண்மையான பங்கு இவ்வாறு பதிவேட்டில் ஏறாத இடங்களிலேயே பெரிதாக உள்ளது. 5 லட்சம் ரூபாய்த் திட்டம் மருத்துவமனையில் சேர்வோருக்கு உரியது. சேருமுன் 3 நாள்களுக்கும், வீடு திரும்பிய பின் 15 நாள்களுக்கும் ஆகும் செலவு மட்டும் அதனுடன் சேரும். பாட்டியின் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் ஆண்டு முழுவதும் வேண்டிய மாத்திரைகள் அதில் வாரா. குடும்ப சுகாதார மையத்தின் இலவச மருந்தும், பஞ்சாயத்துகள் வழியே நடைபெறும் வீட்டு வலித்தணிப்புச் சேவையும் கேரளத்தில் இக்குறையைப் பெரிதும் தணிக்கின்றன. துணைக்கு இருக்கும் மருமகள் இழக்கும் கூலியை ஈடுசெய்ய 5 லட்சம் ரூபாய்த் திட்டத்தில் ஏற்பாடு இல்லை.

ஜப்பான் 1973 இல் 70 வயதினருக்கு இலவச மருத்துவம் அளித்து, செலவு பெருகியதால் 1983 இல் சிறு கட்டணத்தைப் புகுத்தியது. இன்று 75 வயதைக் கடந்தோர் வருமானத்துக்கேற்ப 10, 20 அல்லது 30 விழுக்காடு செலுத்துகின்றனர். அங்கு அனைவரும் உள்ளே இருக்கின்றனர். எவ்வளவு தருவது என்பதே கேள்வி. இங்குத் தருவது மிகச் சிறிது. உள்ளே வருவதே கேள்வி.

உள்ளே வருவதற்கான படிவத்தைப் படிக்க இயலுமா என்பதும் சித்தூரில் ஒரு வினாவே. முதியோர் பலர் தமிழ் மட்டுமே படிப்பவர்கள். அறிவிப்புகளோ பெரும்பாலும் மலையாளத்தில் வருகின்றன. 1969 ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழர் தம் மொழியிலேயே அரசு அலுவலகங்களுக்கு எழுதவும், அதே மொழியில் விடை பெறவும் வகை செய்துள்ளது. தகுதி மறுக்கப்பட்ட மூதாட்டி ஒருவர் அதற்கான காரணத்தைத் தமிழில் எழுதித் தருமாறு கேட்கலாம். தர வேண்டியது அலுவலகத்தின் கடமை.