அடைத்த பல்லில் மறுபடியும் சொத்தை ஏன்?

சொத்தைப் பல்லைக் குடைந்து அடைத்தாயிற்று. சில வருடம் கழித்துப் பார்த்தால், அடைப்பின் ஓரத்திலேயே ஒரு கறுப்புக் கோடு! பல்லின் நிறத்தில் வைக்கும் ரெசின், நீல ஒளி பட்டு இறுகும்போது சுமார் 2 முதல் 3 சதவீதம் சுருங்குகிறது. அதனால் பல்லுக்கும் அடைப்புக்கும் நடுவே மயிரிழை இடுக்கு விழலாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பாக்டீரியாவுக்கு அதுவே தாராளமான வாசல். உள்ளே குடியேறி, நாம் தின்னும் சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லை அரிக்கும்.

அடைப்புக்குள்ளேயே கிருமிநாசினியைக் கலந்துவிட்டால்? கலந்து பார்த்தார்கள். மருந்து கசிந்து தீர்ந்தது; அடைப்பும் பலமிழந்தது.

ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் சடோஷி இமாசாட்டோ 1990களில் வேறு வழி பிடித்தார். எம்டிபிபி என்ற மூலக்கூறின் ஒரு முனை ரெசினோடு வேதிப் பிணைப்பில் மாட்டிக்கொள்ளும். மறுமுனையில் நேர் மின்னூட்டம். பாக்டீரியாவின் மேற்பரப்போ எதிர் மின்னூட்டம் கொண்டது. வந்து ஒட்டினால் சாகும், அல்லது பெருக முடியாமல் முடங்கும். மூலக்கூறு கசிவதில்லை, ஆகவே தீர்வதுமில்லை. இதைச் சேர்த்த பல் ஒட்டுப்பசை விற்பனைக்கும் வந்துவிட்டது.

இடைஞ்சல் எச்சில்தான். அதிலுள்ள புரதம் அடைப்பின்மேல் மெல்லிய படலமாகப் படிந்தால், மூலக்கூறின் கை கிருமியை எட்டாது. முன்வரிசைக் கிருமிகள் செத்தாலும், அவற்றின் சடலமே பின்னால் வருவோருக்குப் பாய்!